ஐந்து வண்டி, இரண்டுக்குத்தான் இடம்: எதை வைப்பது, எதை விற்பது?

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி மாடி ஏற முடியாது என்று ஆனதும், போர்ட்டிகோவை மறித்து ஓர் அறை கட்ட முடிவு செய்தோம். என் ஐந்து பைக்குகளும் அந்தப் போர்ட்டிகோவில்தான் நின்றன. மேஸ்திரி நூல் பிடித்துப் பார்த்துவிட்டு மிச்ச இடத்தைக் காட்டினார். "ரெண்டு வண்டி நிக்கும் சார். மூணாவது நின்னா கேட்டைத் திறக்க முடியாது."

அப்பாவின் 1988 புல்லட் 350, 1984 எஸ்டி ரோடுகிங், 1992 யமஹா ஆர்.எக்ஸ் 100, 2006 ஸ்பிளெண்டர் பிளஸ், 2018 ஹிமாலயன். இந்த ஐந்தில் மூன்று போக வேண்டும். தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு வழியாக முடிவெடுத்தேன். அதன்பிறகு சகலையும் ஆபீசில் இருவரும் இதே குழப்பத்தோடு வந்தார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "எதுக்கு நல்ல விலை வரும்?" என்பதுதான். விலையை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு இருக்கின்றன.

## எதை வைத்து அளப்பது?

ஒன்று, ஓட்டம். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது கிலோமீட்டர் கணக்கை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பது அப்பாவின் பழக்கம். நானும் விடாமல் எழுதி வருகிறேன். இந்த முறை நோட்டைப் பிரித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. எஸ்டி ஒரு வருடத்தில் ஓடியது 85 கிலோமீட்டர். ஏறக்குறைய பூசையன்று எலுமிச்சம்பழத்தை நசுக்க மட்டும் நகர்ந்த வண்டி. உங்களிடம் நோட்டு இல்லையென்றால் சர்வீஸ் பில்லில் மீட்டர் கணக்கு இருக்கும். மீட்டர் கேபிள் அறுந்து கிடக்கிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டு, பேப்பர். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, எதுவரை செல்லும், கடன் குறிப்பு நீங்கியதா, சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வண்டியை விற்பதும் கஷ்டம், வைத்துக்கொள்வதும் ஆபத்து.

மூன்று, கை. அந்த வண்டியைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது? பழைய வண்டிக்காரர்கள் ஸ்பேரைப் பற்றிக் கவலைப்படுவார்கள். ஸ்பேர் எப்படியும் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளிலோ வேறு எங்கோ கிடைத்துவிடும். அதைப் பொருத்தத் தெரிந்த ஆள்தான் அரிது.

நான்கு, திரும்பக் கிடைக்குமா? பிறகு மனம் மாறி இன்னொன்று தேடினால் அதே மாதிரி வண்டி கிடைக்குமா? காசு கொடுத்தால் கிடைக்கும் வண்டி ஒரு ரகம், காசு கொடுத்தாலும் கிடைக்காதது இன்னொரு ரகம்.

## நிறுத்தி வைக்க ஆகும் செலவு

"சும்மா நிக்கிற வண்டி சோறா கேட்குது?" என்று என் மாமா சொல்வார். கேட்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 150 சிசி வரை ரூ.714, 350 சிசி வரை ரூ.1,366, அதற்கு மேல் ரூ.2,804. என் ஐந்துக்கும் கூட்டினால் ரூ.6,964. 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு வருடத்துக்கு ரூ.8,200-ஐத் தாண்டுகிறது. பழைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்று வேறு எடுக்க வேண்டும். பதினைந்து வருடம் ஆனபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய பைக்கின் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ.2,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. தேதியைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாதது டேங்குக்குள் நடக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸும் கேஸ்கெட்டும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓடுகிற வண்டியில் பெட்ரோல் தீர்ந்து தீர்ந்து புதிதாக வரும், பிரச்சினை குறைவு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்கின் அடியில் துரு பிடிக்கும், கார்புரேட்டர் ஜெட் அடைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணைப்பது நல்லது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ரெண்டு நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது பலருடைய வழக்கம். அதனால் பயன் கிடையாது. சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும்.

## என் ஐந்தும் நின்ற நிலை

| வண்டி | ஒரு வருட ஓட்டம் | பேப்பர் | மெக்கானிக் | திரும்பக் கிடைக்குமா |
|---|---|---|---|---|
| ஸ்பிளெண்டர் பிளஸ் 2006 | 9,400 கி.மீ. | சுத்தம் | தெருவுக்கு ஒருவர் | எப்போதும் |
| ஹிமாலயன் 2018 | 2,100 கி.மீ. | கடன் குறிப்பு நீக்கவில்லை | ஊரில் மூன்று நான்கு இடம் | கிடைக்கும், விலை குறைந்துகொண்டே வரும் |
| புல்லட் 350, 1988 | 640 கி.மீ. | அப்பா பெயரில் | நல்ல கை இரண்டு | கிடைக்கும், ஆனால் அது அப்பாவுடையது ஆகாது |
| ஆர்.எக்ஸ் 100, 1992 | 310 கி.மீ. | சுத்தம் | நிறைய | காசு இருந்தால் கிடைக்கும் |
| எஸ்டி ரோடுகிங் 1984 | 85 கி.மீ. | சுத்தம் | ஒரே ஒருவர், வயது 67 | நம்பர் ஒத்துப்போவது அரிது |

## ஸ்பிளெண்டர்

இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வருடத்துக்கு 9,400 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியை விற்றால் அடுத்த வாரமே இன்னொன்று வாங்க வேண்டும். விற்றாலும் பெரிதாகக் கைக்கு வராது. சேகரிப்பு என்று பேசும்போது பலரும் இந்த ரக வண்டியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான்கு அழகான வண்டிகளை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற வண்டியை "இடத்தை அடைக்குது" என்று தள்ளிவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது ஆர்.எக்ஸ் 135-இல் காய்கறி வாங்கப் போகிறார், புகையோடு. வீட்டில் ஸ்கூட்டர் ஒன்று இருந்து, அன்றாட வேலை அதிலேயே முடிகிறது என்றால் மட்டும் ஸ்பிளெண்டரை விடலாம்.

## ஹிமாலயன்

இதை முதலில் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். சேலத்திலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இடுப்பு வலிக்காமல் ஏறி இறங்க என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். ஆனால் நோட்டிலிருந்த 2,100 கிலோமீட்டர் மொத்தம் மூன்று பயணத்தில் ஓடியது. மற்ற நாளெல்லாம் போர்வைக்கு அடியில்.

இந்த ஐந்தில் வருடா வருடம் மதிப்பு இறங்குகிற பெரிய வண்டி இது மட்டும்தான். பழைய மூன்றும் இருக்கிற விலையிலாவது நிற்கும். 411 சிசி ஹிமாலயன் அப்படியில்லை. 2023 நவம்பரில் 450 வந்ததும் பழையதைத் தேடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். காப்பீட்டில் மேல் படிக்கட்டும் இதுதான். அதனால் விற்பது என்று ஆனபிறகு தள்ளிப்போடக் கூடாது. முதலில் போக வேண்டியது இது.

இங்கே ஒரு தடுக்கல் வந்தது. கடன் 2021-லேயே முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. அவர்களிடம் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35-ஐயும் வைத்து நீக்கிய பிறகுதான் விற்க முடியும். இதிலேயே ஒன்றரை மாதம் போயிற்று. கடைசித் தவணை கட்டிய வாரமே செய்திருக்க வேண்டியதைச் சோம்பலில் விட்டது என் தப்பு.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மலைக்கோ தூரப் பயணத்துக்கோ நிஜமாகப் போகிறவர் இதை வைத்துக்கொள்ளலாம். "போகலாம்னு இருக்கேன்" என்பவர் விற்றுவிட்டு, போகும்போது வாடகைக்கு எடுப்பது மலிவு.

## ஆர்.எக்ஸ் 100

விலைக்காக விற்கக் கூடாது, விலைக்காக வைத்திருக்கவும் கூடாது. ஆர்.எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறோம். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன 98 சிசி வண்டி இன்றைக்கு நல்ல நிலையில் இருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். சிக்னலில் நின்றால் பக்கத்துப் பையன் "அண்ணா, தர்றீங்களா?" என்கிறான். அந்தக் கேள்விக்காகவே நான்கு வருடம் விற்காமல் இருந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆர்.எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி, அதாவது பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கிற ரகம், நிற்க நிற்கக் கெடும். பிஸ்டன் சுழற்றுகிற தண்டான கிராங்கின் இரு பக்கமும் ஆயில் சீல் இருக்கும். ஓடிக்கொண்டிருந்தால் அதில் எண்ணெய்ப் பசை இருக்கும், மாதக்கணக்கில் நின்றால் ரப்பர் காய்ந்து இறுகிவிடும். போன வருடம் நான்கு மாத நிறுத்தத்துக்குப் பிறகு கிக் அடித்தேன். ரெண்டாவது கிக்கில் பிடித்தது, சந்தோஷம். ஆக்சிலேட்டரை விட்டபின்னும் ரேஸ் இறங்கவில்லை. தானாக ஏறிக்கொண்டே போயிற்று. நல்லவேளையாக அன்று வண்டி பட்டறை வாசலில் நின்றது. மெக்கானிக் பாய் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "மேக்னட் பக்கம் காத்து இழுக்குது. ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க" என்று அவரே சாவியைத் திருப்பினார். அந்தச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு வர வேண்டிய ஆயிலும் குறையும். அப்படியே பைபாஸில் ஏற்றியிருந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கி, சிலிண்டரைக் கடைகிற வரைக்கும் போயிருக்கும். மறுபக்கம், அதாவது கிளச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாகத் தள்ளும். அது கண்ணுக்காவது தெரியும். சீலின் விலை ஒரு சாப்பாட்டுக் காசு. கவனிக்காமல் விட்டால் இன்ஜின் வேலை.

இன்னொரு செலவு யாரும் எண்ணாதது. இவ்வளவு பழைய வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்பீடுதான் கிடைக்கும். அதாவது லட்ச ரூபாய் வண்டி திருடுபோனால் நயா பைசா வராது. ஆர்.எக்ஸ் 100-இன் பூட்டைத் திறக்க ஒரு திறமையும் வேண்டாம். நான் செயின் போட்டுப் பூட்டி, இரவில் நாய் குரைத்தால் எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நம்மைக் காவல்காரனாக வைத்திருந்தால் யார் யாருக்குச் சொந்தம்?

வாரம் இரண்டு முறையாவது ஓட்டுகிறவரும், உள்ளே பூட்டி வைக்க இடம் இருக்கிறவரும் இதை விற்க வேண்டியதில்லை. எனக்கு இரண்டும் இல்லை. விற்றாலும் பின்னால் மனம் கேட்காவிட்டால் இன்னொன்று வாங்கலாம். இவ்வளவு பேர் காப்பாற்றி வைத்திருக்கும் வண்டி அவ்வளவு சீக்கிரம் அற்றுப்போகாது.

## எஸ்டி ரோடுகிங்

மனதுக்கு மிகப் பிடித்தது இது. ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. லீவரை உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர், கீழே வந்தால் கியர். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். நோட்டில் இருந்த 85 கிலோமீட்டரில் பாதி, ஜூலை இரண்டாம் ஞாயிறு வருகிற ஜாவா தினத்துக்காக ஓடியது.

மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடியது. 2018-இல் ஜாவாவும் 2022-இல் எஸ்டியும் புதிதாக வந்தன, ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக். பெயர் மட்டும்தான் உறவு, பழைய வண்டிக்கு அதிலிருந்து ஒரு போல்ட்டும் சேராது. கிளச் பிளேட்டும் கேபிளும் மைசூர், பெங்களூரிலிருந்து கூரியரில் வந்துவிடும். வந்ததைப் பொருத்துவது யார்? எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து பாய் ஒருவர்தான். அவருக்கு 67 வயது, மகன் ஏசி மெக்கானிக். இதில் பெட்ரோலோடு ஆயிலை நாமே கலந்து ஊற்ற வேண்டும். எத்தனால் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் அது தனியாகப் பிரிந்து அடியில் தங்கும், அதில் ஆயில் கலந்திருக்காது. அடியில் தங்குவதுதான் முதலில் கார்புரேட்டருக்குப் போகும். நிற்கிற எஸ்டிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை.

"ஐம்பது வருஷம் ஆச்சுன்னா விண்டேஜ், அப்புறம் விலை பாரு" என்று சிலர் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை "வி.ஏ." வரிசையில் பதியலாம், புதிதாகப் பதிய ரூ.20,000. என் எஸ்டிக்கு அது 2034. பதிந்தபின் அதை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரிதான். நானோ ஓட்ட நேரமில்லை என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை விற்றால் கிடைக்கிற பணம் ஆர்.எக்ஸுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. திரும்பக் கிடைப்பதோ அரிது. இப்படிப்பட்ட வண்டிக்கு விற்பனையைவிடக் கைமாற்று நல்லது. நாமக்கல்லில் சித்தப்பா மகன் லேத் பட்டறை வைத்திருக்கிறான், தேய்ந்த புஷ் மாதிரிப் பாகங்களைத் தானே கடைந்துகொள்கிற கை. அவனுக்குக் கொடுத்தேன். "உன்கிட்ட இருக்கட்டும்" என்று வாய்வார்த்தையாகக் கொடுக்கவில்லை, பெயர் மாற்றியே கொடுத்தேன். நம் பெயரில் இருக்கும் வண்டி அடுத்தவர் வீட்டில் நின்றால் காப்பீடும் வழக்கும் நமக்கு, ஓட்டம் அவர்களுக்கு. பாய் கைதளர்வதற்குள் ஒரு முறை இன்ஜினைப் பிரித்துக் காட்டச் சொல்லி அவனை அனுப்பியும் வைத்தேன்.

சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு எஸ்டி தங்கம். நான் ஸ்பார்க் பிளக் மட்டும் கழற்றுகிற ஆள்.

## புல்லட்

வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துப் பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் கணுக்காலில் அதற்குச் சாட்சி இருக்கிறது. அறுபது வயதில் இதை உதைக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. எனக்கு இப்போது 48.

ஓட்டத்தில் மூன்றாம் இடம்தான். ஆனால் ஸ்பேர் கிடைக்கிறது, பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் ஆதலால் நின்றாலும் டூ ஸ்ட்ரோக் அளவுக்குக் கோபித்துக்கொள்ளாது. சிக்கல் பேப்பரில் இருந்தது. அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியும் ஆர்.சி. அவர் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்துபோனால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். அம்மா உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா போனில், "விக்கிறதுக்கா வைக்கிறதுக்கா, அதைச் சொல்லு முதல்ல" என்றாள். வைக்கிறதுக்கு என்றேன். அந்த வாக்கு கொடுத்த பிறகு ஒப்பீடு எதற்கு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பாசத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்றால் சேர்க்கலாம், ஒரே ஒரு வண்டிக்கு. ஐந்துக்கும் ஐந்து கதை சொன்னால் எதையும் விற்க முடியாது. அப்பா ஓட்டிய வண்டியே என்றாலும் உதைக்க உங்கள் கால் ஒத்துழைக்காமல், வீட்டில் வேறு யாரும் தொடாமல் இருந்தால் உறவில் ஓட்டுகிறவர் யார் என்று பாருங்கள்.

## விற்கும்போது

விற்பதிலும் மூன்று வழி இருக்கிறது. கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில் விட்டால் அன்றே பணம், ஆனால் விலை குறையும். தெரிந்தவரிடம் விற்றால் பின்னால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் போன் வரும். நேரடியாக முன்பின் தெரியாதவருக்கு விற்றால் நல்ல விலை, ஆனால் பத்துப் பேர் வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எந்த வழியானாலும் பெயர் மாற்றத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பல வருடம் முன் ஒரு சாமுராய் பைக்கைக் கன்சல்டிங் ஒன்றில் விற்றேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "ஆள் வந்ததும் மாத்திடுறோம்" என்றார்கள். வண்டி மூன்று கை மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை. நான் போயே இராத ஊரில் ஹெல்மெட் போடாததற்கு என் போனுக்கு அபராதக் குறுஞ்செய்தி வந்தது. அபராதத்தோடு போனது அதிர்ஷ்டம். விபத்து இழப்பீட்டு வழக்கில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்ற ரசீது கையில் இருக்கிறது என்பது அங்கே எடுபடாது.

அதனால் ஆர்.எக்ஸ் விஷயத்தில் உஷாராக இருந்தேன். வாங்க வந்தவன் ஓமலூரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பையன். சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டான். அதிலேயே ஆள் விவரமானவன் என்று தெரிந்தது. இன்னொருவர் ஐயாயிரம் கூடுதலாகச் சொன்னார், ஆனால் "வாங்கி வச்சுட்டா ரெண்டு வருஷத்துல ஏறிடும்" என்றார். பையன் தினம் வேலைக்கு இதில்தான் போவேன் என்றான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் முழுசாக நிரப்பி, அவன் ஆதாரோடு படம் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் பதிவேற்றினோம். வண்டியோடு ஒரு சாவியைக் கொடுத்தேன். பெயர் மாறிவிட்டது என்ற ஸ்கிரீன்ஷாட் பதினோராம் நாள் வந்தது. இரண்டாவது சாவியை அன்றுதான் கொடுத்தனுப்பினேன்.